மெட்ரோ நிலையத்தருகே காலி மனை: கார் நிறுத்தம் ஆக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் 2020 ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே கட்டணச் சேவையைத் தொடங்கிய மெட்ரோ, 2022 இறுதிக்குள் காத்ர் போர்ன், பீனிக்ஸ் வழியாகக் கியூர்பிப் வரை வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நிலையங்களை ஒட்டிய காலி மனைகளைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. காத்ர் போர்னில் எங்கள் பகுதியில், நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், 40 பெர்ச் (ஏறக்குறைய 1,690 சதுர மீட்டர்) மனை ஒன்று நெடுநாளாக வெறுமனே கிடக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு மெட்ரோ ஏறுவதற்கு அதைத் திறந்துவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். கூடவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர்.

கோயில் மண்டபத்திலும் சந்தையிலும் பஸ் நிறுத்தத்திலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலையையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். முழு மனையையும் நாள் முழுக்க நிற்கும் கார்களுக்குக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். ஒரு பகுதியை, உறுதியான நிபந்தனைகளோடு கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.

பயணிகள் கார் நிறுத்தம் என்றால் என்ன? கடைத்தெருவில் நிறுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நேரம்தான் வித்தியாசம். கடைக்கு வருகிறவர் அரை மணி, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். அந்த இடத்துக்கு அடுத்தவர் வருவார். மெட்ரோ ஏறி வேலைக்குப் போகிறவரின் கார் காலை ஏழு மணிக்கு வந்து நின்றால் மாலை ஐந்துக்கோ ஆறுக்கோதான் நகரும். ஒரு இடம், ஒரு நாள், ஒரே ஒரு ஆள். இனி வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

நிலம் சும்மாதானே கிடக்கிறது தம்பி, நாலு கார் நின்றால் என்ன குறைந்துவிடும்?

நாலு கார் நின்றால் ஒன்றும் குறையாது. ஆனால் யாரும் நாலு காருக்காக நிலத்தைச் சமன்செய்து, தார் போட்டு, வேலி கட்டி, காவலாளி வைக்கப் போவதில்லை. செலவு செய்தவர் மனையை நிரப்பத்தான் பார்ப்பார்.

இன்னொன்றும் உண்டு. மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் கிடக்கும் நிலத்தை யாரும் இப்படிச் சண்டையிட்டுக் கேட்பதில்லை. நிலையத்தருகே இருப்பதால்தான் இந்த மனைக்கு மதிப்பு. அந்த மதிப்பை அனுபவிக்க வேண்டியவர்கள் நடந்து வருகிறவர்களா, ஓட்டி வருகிறவர்களா என்பதே விவாதம்.

40 பெர்ச்சில் எத்தனை கார் நிற்கும்? நூறு நிற்காதா?

நிற்காது. ஒரு பெர்ச் 42.21 சதுர மீட்டர். 40 பெர்ச் என்றால் ஏறக்குறைய 1,690 சதுர மீட்டர். ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர், அதாவது பன்னிரண்டரை சதுர மீட்டர் போதும். ஆனால் கார் வானத்திலிருந்து இறங்கி நிற்பதில்லை. உள்ளே வரவும் திரும்பவும் வெளியேறவும் வழி வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். ஆக, 55 முதல் 65 கார்கள். மனையின் வடிவம் கோணலாக இருந்தால் இன்னும் குறையும். எங்கள் மனை கோணல்தான்.

அதே நிலத்தில் பத்தில் நான்கு பங்கில் மூன்று தளக் கட்டடம் எழுப்பினால், ஏறக்குறைய 20 குடும்பங்கள் நிலையத்தின் பக்கத்திலேயே குடியிருக்கலாம். மீதி ஆறு பங்கு மரத்துக்கும் முற்றத்துக்கும் இருக்கும். வீடுதான் வர வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அறுபது கார் என்றால் அறுபது பேருக்கு நன்மைதானே? அது போதாதா?

எங்கள் மெட்ரோ வண்டி ஒன்றில் முந்நூறு பேருக்கு மேல் ஏறலாம். அறுபது பேர் என்பது ஒரே ஒரு வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் நாள் முழுவதற்கும் சேர்த்து அறுபது பேர்தான். காலை எட்டு மணிக்கு மனை நிரம்பிவிட்டால், ஒன்பது மணிக்கு வருகிறவர் வெளியே நின்று பெருமூச்சு விடலாம்.

நம் ஊர் பஸ் ஒன்றில் ஏறக்குறைய அறுபது பேர் உட்கார்ந்து வருகிறார்கள். அந்த மனை நாள் முழுக்கச் செய்யும் வேலையை, குடியிருப்புகளைச் சுற்றி வரும் ஒரு இணைப்பு பஸ் ஒரே நடையில் செய்துவிடும். காலையில் அதை நான்கு நடை விடுங்கள். கணக்கு உங்களுக்கே புரியும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸை நம்பினால் வேலை போய்விடும். நேரத்துக்கு வருகிறதா என்ன?

நியாயமான கோபம். இணைப்பு பஸ் வரும் நேரமும் மெட்ரோ கிளம்பும் நேரமும் பொருந்தாவிட்டால், நிறுத்தத்தில் காத்திருந்து நொந்தவர் மறுநாள் கார் சாவியை எடுக்கத்தான் செய்வார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கோபத்தை எங்கே திருப்ப வேண்டும்? பஸ் சரியில்லை என்பதற்காக நிலத்தைக் காருக்குக் கொடுத்தால், பஸ் இன்னும் மோசமாகும். ஓட்டிப் போக வசதியுள்ளவர்கள் விலகிவிடுவார்கள். மீதிப்பேரின் குரலுக்கு எடை குறையும். 2005 முதல் மாணவருக்கும் முதியோருக்கும் பஸ் பயணம் இலவசமாக இருக்கும் நாடு இது. பள்ளிப் பையன்கள், பாட்டிமார், கடையில் வேலை செய்யும் பெண்கள் என்று எத்தனையோ பேருக்கு பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அவர்கள் யாரும் கார் நிறுத்தம் கேட்டு மனுக் கொடுக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு இணைப்பு பஸ் என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டிருந்தால் இந்த மனையைப் பற்றிய பேச்சே எழுந்திருக்காது.

கார்கள் போர்ட் லூயிஸ் வரை போய் அங்கே நெரிவதைவிட இங்கேயே நிற்பது நல்லதல்லவா?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான், இதை நான் மதிக்கிறேன். மெட்ரோ வந்ததே நெடுஞ்சாலையில் ஊர்ந்துபோகும் வரிசையைக் குறைக்கத்தான். இந்த நாட்டில் பதிவான வாகனங்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையோ பன்னிரண்டரை லட்சத்தை ஒட்டியது. ஒருவர் எங்காவது ஓரிடத்தில் காரை விட்டுவிட்டு மெட்ரோ ஏறுகிறார் என்றால் அது நல்லதே.

கேள்வி அந்த இடம் எது என்பதுதான். தெற்கே ரோஸ் பெல், மாஎபூர் பக்கத்திலிருந்து வருகிறவர் கியூர்பிப்புக்குள் நுழையும் முன்பே நிறுத்திவிட்டால், நீண்ட தூரம் கார் ஓடுவது மிச்சம். மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கத்திலிருந்து வருகிறவருக்கும் ஊர் எல்லையில் ஓர் இடம் வேண்டும். அப்படிப்பட்ட நிறுத்தங்கள் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, இணைப்பு பஸ்ஸோடு இருக்க வேண்டும். ஊரின் நடுவில் வைத்தால் அந்தக் கார்கள் அத்தனையும் முதலில் எங்கள் செயின்ட் ஜான் சாலைக்குள் புகுந்து வர வேண்டும். போர்ட் லூயிஸின் நெரிசலைக் காத்ர் போர்னுக்கு இடம் மாற்றியதாகத்தான் முடியும்.

மற்றொன்று, நிலையத்தருகே நிறுத்தம் வந்தால் அதை நிரப்புவது தொலைவிலிருந்து ஓட்டி வருகிறவர்கள் மட்டுமல்ல. பல நாடுகளில் கண்ட அனுபவம் இது: அதுவரை பஸ்ஸிலோ நடந்தோ நிலையத்துக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் காருக்கு மாறிவிடுகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கார் எடுக்கும் பழக்கத்துக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்ததாகும்.

இப்போதே எங்கள் வாசலில் தாறுமாறாக நிறுத்துகிறார்கள். மனையைத் திறந்துவிட்டால் தெரு காலியாகிவிடுமே?

காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் வந்து பாருங்கள். நடைபாதையில் இரண்டு சக்கரமும் சாலையில் இரண்டு சக்கரமுமாகக் கார்கள் வரிசைகட்டி நிற்கும். சந்தைக்குப் போகும் ஓர் அம்மா சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வருவார். மின்கம்பத்துக்கும் காரின் கண்ணாடிக்கும் இடையே பை நுழையாது. சாலையில் இறங்குவார், பின்னால் வரும் வேன் ஹாரன் அடிக்கும். அவர் பையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, வேன் போகும்வரை காரில் சாய்ந்து நிற்பார். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனாலும் மனையைத் திறந்தால் தெரு காலியாகாது. மனையில் கட்டணம், தெருவில் இலவசம் என்றால் முதலில் நிரம்புவது தெருதான். மனையிலும் இலவசம் என்றால் இரண்டும் நிரம்பும். போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் ஆகியவற்றின் மையப் பகுதிகளில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக் காரை நிறுத்தும் பார்க்கிங் கூப்பன் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த வளையத்தை நிலையத்தைச் சுற்றிய தெருக்களுக்கும் நீட்டி, குடியிருப்போருக்கு விலக்கு அளித்து, நடைபாதையில் ஏறும் காருக்கு அபராதம் போட்டால் மட்டுமே தெரு மீளும். அதற்கு ஒரு பெர்ச் நிலம்கூடத் தேவையில்லை.

புதரும் குப்பையும் கொசுவுமாகக் கிடக்கிறது. தார் போட்டால் அதுவாவது ஒழியும் அல்லவா?

கொசுவை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2006இல் சிக்குன்குன்யா இந்தத் தீவைப் புரட்டிப்போட்டதை மறந்தவர்கள் இருக்க முடியாது. டெங்குவும் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. இவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தூக்கியெறிந்த டயரிலும் தகர டப்பாவிலும் தேங்கும் ஒரு கை நீரில் பெருகுவது. ஆகவே டயரையும் டப்பாவையும் எடுக்க வேண்டும். மண்ணை மூட வேண்டியதில்லை.

காடாகிக் கிடக்கும் மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் முனிசிபாலிட்டிக்கு இருக்கிறது. எழுத்தில், தேதியோடும் புகைப்படத்தோடும் புகார் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனையில் முருங்கைகளும் பெரிய பலா மரமும் கருங்கல் மதிலும் இருக்கின்றன. புதரை வெட்டிவிட்டு அவற்றை விட்டுவைக்கலாம்.

அந்த நிலம் யாருடையது? இவ்வளவு விலை ஏறியும் ஏன் விற்காமல் வைத்திருக்கிறார்கள்?

பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் நிலைமை இந்த நாட்டில் எல்லாருக்கும் பழக்கமானது. தாத்தா வாங்கிய மனை. தாத்தா போனார், பிள்ளைகள் பெயரில் பாகம் பிரிக்கவில்லை. பிள்ளைகளும் போனார்கள். இப்போது பங்காளிகளில் ஒருவர் ஆஸ்திரேலியாவில், ஒருவர் பிரான்ஸில், இருவர் இங்கே. எல்லாரும் ஒன்றாக நோட்டரி முன் கையெழுத்திட்டால்தான் விற்க முடியும். ஒருவர் விலை போதாது என்பார், இன்னொருவர் கடிதத்துக்கே பதில் போட மாட்டார்.

பிரெஞ்சு மரபில் வந்த நம் சிவில் சட்டம் யாரையும் பிரிக்கப்படாத சொத்தில் கட்டிப்போடுவதில்லை. எந்தப் பங்காளியும் பிரிவினை கேட்டு நீதிமன்றம் போகலாம். பிரிக்க முடியாத சொத்தானால் ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பிரிக்க வழியிருக்கிறது. ஆனால் செலவு, காலம், அதைவிட மேலாக உறவு கசந்துவிடும் என்ற அச்சம். கார் நிறுத்த யோசனை இவர்களுக்கு இனிப்பதும் இதனால்தான். விற்க வேண்டாம், கட்ட வேண்டாம், குத்தகைப் பணம் மட்டும் வந்துகொண்டிருக்கும். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய குடும்பச் சிக்கல் ஊரின் நிலத்திட்டம் ஆகிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சொந்த நிலம், சொந்த விருப்பம். முனிசிபாலிட்டிக்கும் அக்கம்பக்கத்துக்கும் இதில் என்ன வேலை?

சொத்துரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு காக்கிறது. இழப்பீடில்லாமல் யாருடைய நிலத்தையும் பறிக்க முடியாது. பறிக்கச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. ஆனால் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் கட்டட, நிலப் பயன்பாட்டு பெர்மிட் வேண்டும். கட்டடமே எழுப்பாமல் தார் மட்டும் போட்டுக் கட்டணக் கார் நிறுத்தம் நடத்துவதும் பயன்பாட்டை மாற்றுவதுதான்.

விண்ணப்பம் வந்தால் முனிசிபாலிட்டியின் பெர்மிட் குழு அதை நகரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வாயில் எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே போகும், பக்கத்து வீட்டுக்கு இரைச்சல் எவ்வளவு என்றெல்லாம் கேட்பது அந்த நேரத்தில்தான். அக்கம்பக்கத்தினர் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். "கார் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் குப்பைக்கூடைக்குத்தான் போகும். வாயில் எதிரே பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடம் இருக்கிறது, வடிகால் இத்தனை அங்குலம்தான் அகலம் என்று அளந்து எழுதுங்கள்.

மழைத் தண்ணீர் பிரச்சினை வரும் என்கிறார்களே, மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸில் இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டரளவு மழை கொட்டியது. பதினொரு பேர் இறந்தார்கள். கோடான் பக்கத்துச் சுரங்கப்பாதையிலும் ஒரு கட்டடத்தின் நிலத்தடிக் கார் நிறுத்தத்திலும் தண்ணீர் புகுந்து சிக்கியவர்கள் அவர்களில் பலர். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தலைநகரத் தெருக்களில் கார்கள் தண்ணீரில் மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததை நாடே பார்த்தது. நிறுத்திவைத்த கார்களே வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய் வழியை அடைக்கும் பொருளாக மாறின.

எங்கள் மனைக்கு வருவோம். 1,690 சதுர மீட்டரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 1,69,000 லிட்டர். புல்லும் மண்ணும் வேரும் இருக்கும் நிலம் அதில் கணிசமான பங்கை உறிஞ்சும், மீதியை மெதுவாக விடும். தார் போட்ட தரை அநேகமாக எல்லாவற்றையும் உடனே வழித்துத் தள்ளிவிடும். மனையின் கீழ்க்கோடியில் ஒரு முழ அகலத்தில் பழைய கல் வடிகால் ஒன்று இருக்கிறது. சாதாரண மழைக்கே அதன் விளிம்பில் பழுப்பு நுரை கட்டி, கீழ்ப்பக்கத்து வீட்டுப் படியைத் தொட்டுவிட்டுத்தான் வடிகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் நில வடிகால் ஆணையம் என்று ஒன்றே அமைக்க வேண்டி வந்த நாட்டில், இதைக் கேட்காமல் பெர்மிட் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

வீடு கட்டினாலும் கூரைத் தண்ணீர் ஓடத்தானே செய்யும்? கார் நிறுத்தம் மட்டும் என்ன பாவம் செய்தது?

சரியான மடக்கு. கட்டடமும் மண்ணை மூடத்தான் செய்கிறது. ஆனால் கூரைத் தண்ணீரைக் குழாய் வழியே தொட்டியில் பிடிக்கலாம். அதில் எண்ணெய் கலந்திருக்காது, தோட்டத்துக்கு ஊற்றலாம். மேலே சொன்ன கணக்குப்படி கட்டடம் பத்தில் நான்கு பங்கைத்தான் மூடும். கார் நிறுத்தம் முழுவதையும் மூடும். கார் நிற்கும் தரையில் வழியும் நீரோடு எஞ்சின் எண்ணெயும் டயர்த் தூளும் சேர்ந்து ஓடும்.

இதற்கும் மாற்று இருக்கிறது. தார் வேண்டாம். நம் தீவில் கருங்கல் ஜல்லிக்குப் பஞ்சமில்லை. கட்டம் கட்டமான சட்டகங்களைத் தரையில் பதித்து அவற்றில் ஜல்லியை நிரப்பினால் கார் புதையாது, தண்ணீரும் கீழே இறங்கும். தாழ்ந்த பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழி வெட்டலாம். மரங்களை வரிசைகளுக்கு நடுவே விட்டுவைக்கலாம். நிழலில் நின்ற காரில் ஜனவரி மாதத்துப் பிற்பகலில் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மரத்தின் அருமை தெரியும். இவற்றைச் செய்தால் தண்ணீர் பற்றிய என் எதிர்ப்பில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அடுக்கு மாடிக் கார் நிறுத்தம் கட்டினால் எல்லாருக்கும் இடம் கிடைக்குமே?

40 பெர்ச்சுக்கு அது ஒத்துவராது. ஏறுபாதையும் தூண்களும் ஒவ்வொரு மாடியிலும் இடத்தைத் தின்னும். செலவோ பல மடங்கு; அதைக் கட்டணத்தில் எடுக்க முயன்றால் யாரும் நிறுத்த மாட்டார்கள், எடுக்காவிட்டால் ஊர்ப் பணம் போகும். நாள் முழுக்க நிற்கும் கார்களுக்காக அத்தனை கான்கிரீட் போடுவதை நான் எந்த இடத்திலும் ஆதரிக்க மாட்டேன்.

கார் நிறுத்த இடமில்லாததால் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் பிழைப்பைப் பற்றி யோசித்தீர்களா?

யோசித்தேன், யோசிக்கவும் வேண்டும். ஆனால் முதல் பதிலை மறுபடி பாருங்கள். பயணிகள் நிறுத்தம் கடைக்காரருக்கு எதிரானது. காலை ஏழு மணிக்கே எல்லா இடமும் பிடிக்கப்பட்டுவிட்டால், பத்து மணிக்குத் துணி எடுக்க வருகிறவர் எங்கே நிறுத்துவார்? உங்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேர வரம்புள்ள இடங்கள். ஒரு இடம் ஒரு நாளில் நாலைந்து வாடிக்கையாளருக்குப் பயன்படும். அப்படிப் பதினைந்து இடங்கள் கேளுங்கள், உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.

தைப்பூசக் காவடிக்கு வண்டி நிறுத்த இடமே கிடைப்பதில்லை. அதற்காவது உதவும் அல்லவா?

கோர் து கார்த் மலையடிவாரக் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று வருகிற கூட்டத்துக்கு அறுபது இடம் எந்த மூலைக்கு? அந்த நாளுக்கு வேண்டியது, பள்ளி மைதானங்களைத் திறப்பதும் சிறப்புப் பஸ்களும் மெட்ரோவை இன்னும் அடிக்கடி விடுவதும். காவடி தூக்கி வெறுங்காலோடு நடப்பவர்களின் வழியில் கார்கள் குறைந்தால் தார்ச்சாலையில் அவர்களுக்கு இடமாவது கிடைக்கும். வருடத்தில் ஒரு நாளுக்காக மற்ற நாட்களுக்கும் ஒரு மனையை ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை.

வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? நீங்கள் சொல்வதெல்லாம் காலில் வலுவுள்ளவர்களுக்குத்தான்.

அவர்களுக்கு இடம் கட்டாயம் வேண்டும். அதுவும் ஐந்து நிமிடம் தள்ளியிருக்கும் மனையில் இல்லை. நிலையத்தின் வாசலிலேயே, அகலமான இடங்களாக, சரிவுப் பாதையோடு. இறக்கிவிட்டுப் போகிறவர்களுக்கும் சில நிமிடம் நிற்க ஓர் ஒதுக்கிடம் வேண்டும். சாலையோரத்தில் ஏழெட்டு இடங்களை மறுவரைவு செய்தால் போதும். மனையைப் பற்றிய தகராறு முடியும்வரை இதற்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை.

ஐந்து ஆண்டுக்கு மட்டும் தற்காலிகமாக விடலாமே? பிறகு வேண்டியதைக் கட்டிக்கொள்ளலாம்.

எழுத்தில் முடிவுத் தேதி இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் ஒட்டகத்துக்குக் கூடாரத்தில் இடம் கொடுத்த கதைதான். பழகிய நிறுத்தத்தை மூடப் போனால் அன்றைக்குப் போராட்டம் செய்யப் போவதும் நாம்தான்.

வெறுமனே விட்டுவைத்த நிலத்தால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தீவில் 1864இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1956இல் பயணிகள் ரயிலும் 1964இல் சரக்கு ரயிலும் நின்றன. தண்டவாளங்கள் போன பின் போ பாசென், ரோஸ் ஹில் பக்கத்தில் அந்தப் பாதை மர நிழல் நடைவெளியாக இருந்தது. பிள்ளைகள் விளையாடினார்கள், பெரியவர்கள் மாலையில் நடந்தார்கள். அதை யாரும் முழுக்கக் கட்டி அடைக்காததால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதன் வழியே மெட்ரோவைப் போட முடிந்தது. அப்போது மரங்கள் வெட்டப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் திரும்பப் பெறக்கூடிய நிலையில் நிலத்தை வைத்திருந்ததன் பயனை நாம் இன்று தினமும் அனுபவிக்கிறோம்.

நீங்களே கார் வைத்திருக்கிறீர்களே அண்ணா, பிறகு எப்படி இப்படிப் பேசுகிறீர்கள்?

வைத்திருக்கிறேன். இரவில் ஆஸ்பத்திரிக்கும், தெற்கில் இருக்கும் உறவினர் வீட்டுக்கும் அது வேண்டும். கார் வைத்திருப்பது தவறென்று எங்கும் நான் சொல்லவில்லை. என் கார் நாள் முழுக்க நிற்க என் வீட்டில் இடமிருக்கிறது. நிலையத்தருகிலும் இன்னொரு இடத்தை அதற்காக மற்றவர்கள் ஒதுக்கித்தர வேண்டும் என்று கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்படியானால் எப்படி இருந்தால் ஒப்புக்கொள்வீர்கள்?

மனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார் நிற்கக் கூடாது. அதாவது ஏறக்குறைய இருபது இடங்கள். கட்டணம் வேண்டும், அது போர்ட் லூயிஸில் கூப்பன் வாங்குவதைவிடக் குறைவாக இருக்கட்டும், ஆனால் இலவசம் ஆகாது. தரை ஜல்லியாக இருக்க வேண்டும், பலா மரம் நிற்க வேண்டும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் நிறுத்தக் கூரை வேண்டும். ஒரு கார் இடத்தில் நாலைந்து மோட்டார் சைக்கிள் நிற்கும். நல்ல விளக்கும் ஆள் நடமாட்டமும் வேண்டும், ஏனென்றால் இரவு கடைசி வண்டியில் இறங்கும் பெண்கள் அந்த வழியாகத்தான் நடந்து வருகிறார்கள். குத்தகைக்கு முடிவுத் தேதி வேண்டும். மீதி நிலத்தில் வீடோ, பாலர் பள்ளியோ, சிறு சந்தையோ வரட்டும். எது என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை.

அண்டை வீட்டுக்காரர் ஒருவர் முழுவதும் பூங்காவாக வேண்டும் என்கிறார். ஆசை நல்லது. ஆனால் அந்த விலைக்கு வாங்கிப் பூங்கா அமைக்க முனிசிபாலிட்டியிடம் பணம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லாம் சரி, நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெர்மிட் கொடுத்துவிட்டால்?

சுற்றுச்சூழல், நிலப் பயன்பாடு தொடர்பான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பெர்மிட்டால் பாதிக்கப்படுகிறவர் அங்கே போகலாம். காலக்கெடு குறுகியது; முடிவு தெரிந்த நாளே வழக்கறிஞரைப் பாருங்கள், அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஆட்சேபத்தை முன்பே எழுத்தில் கொடுத்து முத்திரையிட்ட பிரதி வைத்திருப்பவரின் கை அங்கே ஓங்கும்.

மேல்முறையீடு வேண்டாம் என்று நினைத்தாலும், பெர்மிட்டோடு விதித்த நிபந்தனைகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கார், எந்தத் தரை, எந்த வாயில், தண்ணீர் எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் பெருமழைக்குக் கீழ்ப்பக்கத்து வீட்டுப் படியில் நின்று, தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்று படம் எடுத்து, அந்த நகலோடு சேர்த்து முனிசிபாலிட்டிக்கு அனுப்புங்கள்.